நாகோயாக் கோட்டையின் புலித்தலை மீன்கள்

கோட்டை உச்சியில் இருக்கும் மீனுக்கு ஏன் புலித்தலை என்று தியாகராசா மாமா கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோபம் பிறகுதான் வந்தது. வழக்கமாக எனக்கு இது மறுவளமாகத்தான் நடக்கும்.

அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. எங்கள் ஊர் வாசிகசாலையின் தலைவர், ஊருக்கெல்லாம் மாமா. பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, நீரேரிக் கரையோரத் தரவை வெளியில் வாசிகசாலை பட்டப் போட்டி வைக்கும். யார் என்ன பட்டம் கட்டுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது தலைவரின் வழக்கம். அப்படி வந்தவர்தான் எங்கள் முற்றத்தில் பாதி கட்டி நின்ற கோட்டையைக் கண்டு மலைத்துப் போனார்.

கோட்டை என்றால் நீங்கள் யாழ்ப்பாணக் கோட்டையை நினைக்கக்கூடாது. இது ஜப்பானில் இருக்கிற நாகோயாக் கோட்டை. என் தம்பி சிவதர்ஷன் அந்த நகரத்தில்தான் இருக்கிறான். ஜப்பான் மொழி படிக்கப் போகிறேன் என்று போனவன், ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கிறான். இங்கே இருந்த காலத்தில் அவன் கட்டும் பட்டத்துக்குத்தான் முதற்பரிசு. அவன் போன பிறகு நானும் என் புருஷன் லக்ஷனும் கட்டுகிறோம். நான் நீர்வேலிச் சந்தியில் தையல்கடை வைத்திருக்கிறேன், லக்ஷனுக்கு வாழைத்தோட்டம். அவர் மூங்கில் சீவுவார், நான் துணி தைப்பேன், இரண்டு பேரும் சண்டை பிடிப்போம். பட்டம் எப்படியோ பறக்கும்.

இந்த வருசம் என்ன கட்டுவது என்று கேட்டபோது தம்பி கோட்டையின் படத்தை அனுப்பினான். கூடவே கதையும் சொன்னான். நானூறு வருசத்துக்கு முதல் தொக்குகாவா இயெயாசு என்றொரு சேனாதிபதி நாட்டைப் பிடித்த பிறகு அந்தக் கோட்டையைக் கட்டுவித்தானாம். கல் இழுக்கிற வேலையை யாரிடம் கொடுத்தான் தெரியுமா? தன்னோடு இன்னும் மனம் ஒட்டாத பிரபுக்களிடம். அவர்கள் தங்கள் ஆட்களையும் தங்கள் செல்வத்தையும் கொட்டி அவன் மதிலைக் கட்டி முடிக்க, கிளர்ச்சி செய்ய அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆளைக் களைக்க வைத்து ஆள்கிற வித்தை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

மதில் அடியில் சாய்வாகத் தொடங்கி, மேலே போகப் போக நெட்டுக்குத்தாக நிமிர்ந்துவிடும். ஏறலாம் என்று வருகிறவன் பாதி வழியில்தான் ஏமாந்தது தெரிந்து சறுக்குவான். அதற்கு மேலே ஐந்து அடுக்குக் கூரை. பச்சைச் செப்புத் தகடு, வெள்ளைச் சுவர். உச்சியில் வடக்குப் பக்கம் ஆண், தெற்குப் பக்கம் பெண் என்று இரண்டு பொன் மீன்கள், வாலை வானத்துக்குத் தூக்கியபடி. உடம்பு மீன், தலை புலி. நெருப்புப் பிடித்தால் இந்த மீன்கள் தண்ணீர் கக்கி அணைக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அணைக்கவில்லை. நாற்பத்தைந்தாம் ஆண்டு அமெரிக்கர்கள் விமானத்தில் வந்து குண்டு போட்டார்கள், கோட்டை மீனோடு சேர்ந்து எரிந்தது. பிறகு சீமெந்தில் அதே மாதிரிக் கட்டினார்கள். இப்போது பூமி அதிர்ந்தால் தாங்காது என்று அதையும் பூட்டி வைத்து, மரத்தில் திரும்பக் கட்டுவோமா என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்களாம். தம்பி இத்தனை வருசமாக அந்த ஊரில் இருந்தும் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு கதை. ஒரு கள்ளன் பெரிய பட்டம் ஒன்றில் தொங்கிக்கொண்டு அந்தக் கூரைக்குப் போய், பொன் மீனின் செதிலைக் கழற்றினானாம். அவனைப் பிடித்துக் கொன்றுவிட்டு, இனி அந்தப் பக்கத்தில் ஒருவரும் பெரிய பட்டம் ஏற்றக்கூடாது என்று தடை போட்டார்களாம். உண்மையோ, யாராவது கட்டிவிட்ட கதையோ, தம்பிக்குத் தெரியாது. எனக்கும் தெரியத் தேவையில்லை. பட்டத்தைத் தடை செய்த கோட்டையையே பட்டமாக்கி ஏற்றுவது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஐந்து பெட்டிப் பட்டங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினோம். குடைத்துணியில் சுவரும் கூரையும் தைத்தேன். மீன் இரண்டையும் றெஜிபோம் என்கிற வெண்நுரை அட்டையில் வெட்டிப் பொன் நிறத் தாள் ஒட்டினேன். இதைத்தான் தியாகராசா மாமா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"பிள்ளை, உது என்ன தலை?"

"புலி மாமா."

அவர் வாசல் படலையைத் திரும்பிப் பார்த்தார். படலையில் ஒருவரும் இல்லை.

"மீனுக்கு ஏன் புலித்தலை?"

"அங்க அப்பிடித்தான். நான் வைச்சதில்லை."

"மெல்லக் கதை, பிள்ளை."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பாக்கச் சிங்கம் மாதிரியும் இருக்குத்தானே," என்றார். "ஆரும் கேட்டால் சிங்கம் எண்டு சொல்லுவம். சிங்கம் நாட்டுக்கொடியிலயே இருக்கு, ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்கள்."

"மாமா, அது புலி."

"எனக்கு விளங்குது. அவங்களுக்கு விளங்கவேணும். ஒரு தேவையில்லாத பிரச்சினைக்கு ஏன் நாங்களே வழி வெட்டுவான்? ஒண்டில் தலையை மாத்து, இல்லாட்டிச் சிங்கம் எண்டு சொல்லு. இல்லையெண்டால் போட்டியில சேர்க்கேலாது."

தியாகராசா மாமாவோடு கோபிக்க எனக்கு உரிமையில்லை என்பது எனக்குத் தெரியும். நான் குழந்தையாக இருந்த காலத்தில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் அவருடைய பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே மகனின் கொப்பி. மிருகங்களைக் கீறிவரச் சொன்ன பாடத்தில் சின்னப் பெடியன் யானை, மான், புலி என்று வரிசையாகக் கீறியிருந்தான். மாமா வீட்டுக்குத் திரும்பி வரும்போது மகன் அடுத்த வகுப்புக்குப் போயிருந்தான். அப்படிப்பட்ட மனிதர் பயப்படுகிறார் என்றால் அது கோழைத்தனம் இல்லை. எல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது.

ஏனென்றால் இந்தப் பயத்தோடுதான் நானும் வளர்ந்தேன். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு என்று சத்தம் கேட்டவுடன் என் அம்மா முதலில் ஓடுவது சாமியறைக்கு. கும்பிட இல்லை. புலியில் ஏறி வருகிற ஐயப்பன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க. அந்த வருசங்களில் எங்கள் வீட்டு ஐயப்பன் எங்களைப் பார்த்ததை விடச் சுவரைப் பார்த்ததுதான் கூட. சாமியையே முகம் திருப்பி நிற்கவைத்த ஊரில் நான் ஒரு மீனுக்கும் தலையை மாற்ற வேண்டுமா? புலி என்று பெயர் கொண்ட இயக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. காட்டில் இருக்கிற ஒரு மிருகத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூட நாங்களே எங்களுக்குத் தடை போட்டுக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். இப்போது அதை ஒருவரும் எங்களிடம் கேட்கக்கூட இல்லை. கேட்பதற்கு முதலே கொடுத்துவிடுகிறோம்.

மாமா போன கையோடு தூரிகையை எடுத்து இரண்டு தலைக்கும் கறுப்பு வரி கீறினேன். நெற்றியில், கன்னத்தில், காதடியில். இனி யாரும் சிங்கம் என்று சொல்ல முடியாது.

லக்ஷன் தோட்டத்தால் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"புலி."

"அது தெரியுது. அதுதான் கேக்கிறன்."

இரவு தம்பிக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைப்பு எடுத்தான்.

"அக்கா, அங்கை உள்ள மீனுக்கு வரி இல்லை. முழுக்கப் பொன்."

"இஞ்ச உள்ள மீனுக்கு இருக்கு."

"பகிடி விடாதை. அழிச்சுப்போடு. ஊரில எல்லாரும் இதைச் சிவதர்ஷன்ர கோட்டை எண்டுதானே சொல்லுகினம்? நான் சித்திரைக்கு வாறதுக்கு லீவு கேட்டிருக்கிறன். எயாப்போட்டில மறிச்சு வைச்சுக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

பயம் நாகோயா வரைக்கும் விமானம் ஏறிப் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருசம். அப்பாவின் செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை. அன்றைக்குப் போனில் பார்த்து அழுதவன். சித்திரைக்கு அவன் வருவதை விட எனக்கு இந்தப் பட்டம் பெரிதில்லை. ஆனால் ஒரு மீனுக்குப் பயந்து வருகிறவன் எந்த ஊருக்கு வரப்போகிறான்? அதைக் கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

நடுவில் புகுந்து சமாதானம் பேசியது லக்ஷன்தான். அவருக்கு எல்லாரும் நல்லாயிருக்க வேண்டும். அதுதான் அவரோடு எனக்குள்ள ஒரே பிரச்சினை. பட்டம் நிலத்தில் நிற்கும் மட்டும் மீன் தலைகளைப் பையால் மூடுவது, ஏற்றுகிற நேரத்தில் கழற்றுவது, மேலே போன பிறகு வரி யாருக்குத் தெரியப்போகிறது என்று மாமாவிடம் போய்ச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தம்பியும் அரைமனதோடு சரி என்றான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஓமென்றேன்.

போட்டியன்று வாடைக்காற்று நன்றாகப் பிடித்தது. தரவை முழுக்கச் சனம். ஐஸ்கிறீம் வான் ஒரு பக்கம், கச்சான் கடலை விற்பவர்கள் ஒரு பக்கம். மாமா மேடையில் ஒலிவாங்கியோடு நின்றார். ஒரு ரயிலும், எட்டுக்கால் பரப்பிய சிலந்தியும் ஏற்கெனவே மேலே ஏறி, அவற்றில் கட்டிய விண் நாண் காற்றில் கூவிக்கொண்டிருந்தது. எங்கள் கோட்டை தன் முறைக்குக் காத்து நின்றது. லக்ஷன் நாகோயாவில் இருந்த என் தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்துப் போனைச் சட்டைப் பையில் செருகியிருந்தார். பொன் மீன் இரண்டின் தலைக்கும் கறுப்புப் பொலித்தீன் சொப்பின் பை மாட்டி, கழுத்தில் நூல் கட்டியிருந்தது.

தூர நின்று அதைப் பார்த்தேன். சுற்றிவளைப்புக் காலத்தில் முகத்தைச் சாக்கால் மூடி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஊர் ஆண்கள் வரிசையாக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டினானோ அவர் போய்விடுவார். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். என் கையால் தைத்த கோட்டையின் உச்சியில் நான் இரண்டு தலையாட்டிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தேன்.

கழற்றிவிடுவோம் என்று நான் கிட்டப் போவதற்குள் அந்த மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் சாதாரண உடுப்பில் இருந்தார். ஒட்ட வெட்டிய தலைமயிர், கையில் போன். எங்கள் ஊரில் அப்படி வருகிறவரை யாரும் நீங்கள் யார் என்று கேட்பதில்லை. அவர்தான் எங்களைக் கேட்பார். சனம் தானாக இரண்டு பக்கமும் விலகியது. ரயிலையும் சிலந்தியையும் அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேரே எங்கள் கோட்டைக்கு வந்தார். ஏன் வரமாட்டார்? அந்தத் தரவையிலேயே முகத்தை மூடி வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"இது உள்ள என்ன?" என்று பையைக் காட்டிக் கேட்டார். தமிழ் அவருக்குப் பழகாத தமிழ்.

மாமா மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"ஒண்டுமில்லை சேர். மீன்."

"மீனுக்கு ஏன் பேக்?"

மாமா என்னையும் லக்ஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தத் தொல்லை வந்தாலும் அதை வெளிநாட்டில் இருக்கிற ஒருவன் தலையில் போட்டுவிடுவோம். அவன்தான் எட்டாத இடத்தில் இருக்கிறானே, அவனுக்கு என்ன வரப்போகிறது என்ற எண்ணம். மாமாவும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"இஞ்ச ஒருத்தரும் இல்லை சேர். ஜப்பானில இருக்கிற ஒரு பெடியன்ர வேலை. சிவதர்ஷன் எண்டு பேர்."

"சிவ... தர்ஷன்," என்று அவர் சொல்லிச் சொல்லிப் போனில் தட்டத் தொடங்கினார். "முழுப் பேர்?"

மாமா எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தோடேயே கூரையில் கையை ஊன்றி எட்டி, முதல் பையை இழுத்துப் பிய்த்தேன். பிறகு மற்றப் பையையும். வெயிலில் பொன் தாள் பளீரென்றது. வரியும் நன்றாகத்தான் தெரிந்தது.

"அவர் பிழையாச் சொல்லுறார்," என்றேன். "செய்தது நான். ஜப்பானில இருக்கிறவன் ஒரு படம் அனுப்பினான், அவ்வளவுதான். மீனும் நான், தலையும் நான், வரியும் நான். என்ரை பேர் நிவேதனா. சந்தியில தையல்கடை. முந்திப் போட்ட பேரை அழியுங்கோ."

அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இது என்ன மிருகம்?"

சனத்துக்குள் யாரோ "சிங்கம் சேர்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் பயம் பின்னுக்குப் போனது.

"புலி," என்றேன். "புலித்தலை மீன். ஜப்பானில நாகோயாக் கோட்டையில நானூறு வருசமா இருக்கு. நெருப்பு அணைக்கிறதுக்கு."

என் போனில் இருந்த கோட்டைப் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க கோடு இல்லை."

"இல்லை. அது நான் கீறினது."

"ஏன்?"

"சிங்கம் எண்டு சொல்லச் சொன்னதால."

அவர் என் போனைத் திருப்பித் தந்துவிட்டுத் தன் போனை எடுத்தார். முன்பு தட்டியதை அழித்தாரா என்று எட்டிப் பார்த்தேன். அழித்தார். என் பெயரைக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். அப்பாவின் பெயர் கேட்டார், சொன்னேன். வீட்டு விலாசம் கேட்டார், சொன்னேன். மீனை ஒரு படம், என்னை ஒரு படம் எடுத்துக்கொண்டு, வந்த மாதிரியே மோட்டார் சைக்கிளுக்குப் போனார்.

அவ்வளவு நேரமும் மூங்கில் மாதிரி விறைத்துப் போய் நின்ற லக்ஷன் அப்போதுதான் அசைந்தார். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி ஓடினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால்.

"சேர்! சேர், நில்லுங்கோ! மூங்கில் கட்டினது நான்! லக்ஷன்! கயிறு பூட்டுற முச்சை கட்டினதும் நான்தான் சேர்!"

வண்டி நின்றதா, அவர் அதைக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. தரவை முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பயம் வெளியே போகிற சிரிப்பு அது.

தியாகராசா மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சாம்பலாகியிருந்தது.

"நாளைக்கு என்னையும் கூப்பிடுவாங்கள் பிள்ளை."

"கூப்பிட்டால் நானும் வாறன் மாமா. தனிய விடமாட்டன்."

"விசர் பிடிச்ச பெட்டை," என்று சொல்லிக்கொண்டு அவர் மேடைக்கு ஏறினார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். அடுத்ததாக நாகோயாக் கோட்டை என்று மட்டும் அறிவித்தார். தலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் போட்டியில் இல்லை என்றும் சொல்லவில்லை. அவரிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கயிறு பிடிக்க எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் போதாது. யார் வருவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சிலர் மெல்ல நழுவி ஐஸ்கிறீம் வான் பக்கம் போனார்கள். சிலந்திப் பட்டக்காரர்கள் தங்கள் கயிற்றைக் கட்டையில் கட்டிவிட்டு ஓடி வந்தார்கள். என் கடையில் சட்டை தைக்கிற பெண்கள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வந்து பிடித்தார்கள். லக்ஷன் மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்து முன்னால் நின்றார். ஒரு காற்றுக்குக் காத்திருந்து ஓடினோம். கோட்டை முதலில் ஒரு பக்கம் சரிந்து நிலத்தில் உரசியது, கீழ்க்கூரை ஒன்று கிழிந்தது. இரண்டாம் தரம் எழும்பியது. ஐந்து அடுக்கும் காற்றை வாங்கி விறைக்க, கயிறு எங்கள் கையைத் தீய்த்துக்கொண்டு ஓடியது. அந்தப் பெரிய வெள்ளைக் கோட்டை, கிழிந்த கூரை படபடக்க, நீரேரிக்கு மேலே போனது.

அப்போதுதான் லக்ஷனின் சட்டைப் பைக்குள்ளிருந்து தம்பியின் குரல் கேட்டது. அழைப்பு இவ்வளவு நேரமும் துண்டிக்கப்படவே இல்லை. லக்ஷன் ஒரு கையால் போனை எடுத்து என் காதில் வைத்தார்.

"அக்கா, என்ரை பேரைச் சொன்னது கேட்டது."

"ஓம், சொன்னவை."

"பதிஞ்சவங்களோ?"

"பதிஞ்சவர். அழிப்பிச்சுப்போட்டன். இப்ப அதில இருக்கிறது என்ரை பேர்."

அழுகிறானோ, ஏசப்போகிறானோ தெரியவில்லை. கயிறு என்னை முன்னால் இழுத்தது, குதியை மண்ணில் ஊன்றிப் பிடித்தேன்.

"உனக்கு ஏதும் வந்தால், அக்கா?"

"வந்தால் பாப்பம். ஒளிச்சு வைச்சும்தானே தேடி வந்தவங்கள்."

"அப்ப நான்..."

"நீ சித்திரைக்கு வாறாய். எயாப்போட்டில மறிச்சுக் கேட்டால் நிவேதனான்ர தம்பி எண்டு சொல்லு. இப்ப போனை வை, எனக்கு ரெண்டு கையும் வேணும்."